காருக்கு ஒரு பனியன்

புதுக் கார் வாங்கினால் நம் ஊரில் நடக்கிற சடங்குகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். கோவில் வாசலில் ஒரு பூசை, நான்கு டயருக்கும் நான்கு எலுமிச்சம்பழம், வீட்டுக்கு வந்ததும் காருக்கு ஒரு கவர். திருப்பூரில் காம்பவுண்டுக்குள் கார் நிறுத்த இடம் இருக்கிற வீடுகள் குறைவு. ரோட்டோரத்தில் விற்கிற கவரில் ஒன்றைப் பேரம் பேசி வாங்கி, இரவில் போர்த்தி, காலையில் உருவி எடுத்து, நிம்மதியாக இருப்பார்கள்.

ஆறேழு மாதம் கழித்து ஒரு நாள் மதிய வெயிலில் பானெட்டைப் பார்த்தால் பகீர் என்றிருக்கும். சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல்கள். கதவு கைப்பிடிக்குப் பக்கத்தில் மங்கலாக ஒரு திட்டு. பக்கத்து வீட்டில் கவரே இல்லாமல் வேப்பமரத்தடியில் நிற்கிற பழைய காரின் பெயிண்ட், சில சமயம் இதைவிட நன்றாகவே இருக்கும்!

காப்பாற்றப் போட்ட துணி பெயிண்டைத் தின்பது எப்படி? இதற்குப் பதில் தேடினால் நூறு வருடம் பின்னால் போகவேண்டியிருக்கிறது. வழியில் பருத்தியும் வருகிறது, வெடிமருந்தும் வருகிறது, கடைசியில் பனியன் துணியில் வந்து நிற்கிறது.

பருத்தியில் செய்த பெயிண்ட்

முதல் தலைமுறை மோட்டார் கார்களுக்குக் குதிரை வண்டிக்கு அடித்த பெயிண்டையேதான் அடித்தார்கள். ஆளி விதை எண்ணெயில் குழைத்த நிறம், மேலே வார்னிஷ், எல்லாம் பிரஷ்ஷால். ஒரு கோட் காய்ந்து, தேய்த்து, அடுத்த கோட் அடித்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். கார் தயாரிக்க ஆகிற நேரத்தைவிட பெயிண்ட் காயக் காத்திருக்கிற நேரம் அதிகம். 1914 முதல் 1925 வரை ஃபோர்டு தன் மாடல் டி காரைக் கறுப்பில் மட்டும் விற்றதற்கு விலையும் வேகமும்தான் காரணம். மலிவான, சூளையில் சீக்கிரம் காய்கிற ஒரு கறுப்பு எனாமல் அவர்களிடம் இருந்தது.

இந்த முடிச்சை அவிழ்த்தது பருத்தி! 1846-ல் ஷோன்பைன் என்ற வேதியியலாளர் பருத்தியை நைட்ரிக் அமிலத்திலும் கந்தக அமிலத்திலும் ஊறவைத்து ஒரு வெடிபொருளைக் கண்டுபிடித்தார். துப்பாக்கிப் பருத்தி என்றே அதற்குப் பெயர். முதல் உலகப் போர் முழுக்க டூபாண்ட் கம்பெனி இந்தச் சரக்கில்தான் கொழித்தது. போர் முடிந்ததும் தொழிற்சாலை இருக்கிறது, வாங்க ஆள் இல்லை. அதே நைட்ரோசெல்லுலோஸைக் கரைத்து, நிறம் கலந்து, காருக்கு ஸ்பிரே பெயிண்ட் ஆக்கினார்கள். பெயர் டூகோ. 1924 மாடல் ஓக்லேண்ட் கார்களில் நீல நிறத்தில் அது முதலில் வந்தது. வாரக்கணக்கு மணிக்கணக்காகச் சுருங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் கலர் கலராக விற்க, ஃபோர்டும் 1926 மாடலில் கறுப்பை விட்டு இறங்கிவந்தது. இன்றைக்கும் நம் ஊர் தச்சர்கள் கதவுக்கும் அலமாரிக்கும் டூகோ அடிக்கலாமா என்று கேட்கிறார்களே, அது இந்தக் காரின் வழி வந்த வார்த்தைதான்.

ஆக, கார் முதலில் உடுத்தியதே பருத்தியைத்தான் என்று ஒரு பருத்தி ஊர்க்காரர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம் :-)

தார்ப்பாய் காலம்

தமிழ்நாட்டில் மோட்டார் வண்டி பரவியதும் ஏறக்குறைய இதே காலத்தில்தான். மதுரையில் டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1912-லேயே பஸ் விட்டார். கொங்குப் பக்கம் ஜி.டி.நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொழிலை ஆரம்பித்தார். (அவர் பெயரில் கோவை அவினாசி ரோட்டில் 2015-ல் ஒரு கார் மியூசியம் திறந்தார்கள். பழைய கார் பெயிண்ட் எப்படி இருந்தது என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அங்கே ஒரு நடை போய்வரலாம்.)

அந்தக் காலத்துக் கார்களை மூடியது தார்ப்பாய். வார்த்தையைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் தார் பூசிய கப்பல் துணிக்கு டார்பாலின் என்று பெயர். தமிழுக்கு வரும்போது அது 'தார்', 'பாய்' என்று நம் காதுக்கு ஏற்றபடி பிரிந்து அர்த்தமும் கொடுத்துவிட்டது. பாய் மாதிரி விரிக்கலாம், போர்த்தலாம். நெல் மூட்டைக்கும், பருத்திப் பொதிக்கும், லாரிக்கும் எது கவசமோ அதுவே காருக்கும். முரட்டு நெசவு, கயிறு கட்ட ஓரத்தில் பித்தளை வளையம்.

இது பெயிண்டைக் கீறவில்லையா? கீறியது. ஆனால் அந்தப் பெயிண்டுக்கு அது பெரிய விஷயமில்லை. இங்கேதான் கதையின் முக்கியமான இடம் இருக்கிறது.

அம்பாஸடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பிரீமியர் பத்மினி காலத்துப் பெயிண்டில் மேலிருந்து கீழ்வரை நிறம் இருக்கும். மேல் தோல் கீறினால் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் போதும், அடியில் அதே நிறம் புதுசாக வெளியே வரும். அம்பாஸடரை பாலிஷ் போட்ட டிரைவரின் கைத்துணி காரின் நிறத்துக்கே மாறிவிடும் என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். அந்தப் பெயிண்டின் உண்மையான எதிரி வெயில். வருடக்கணக்கில் வெயிலில் நின்றால் மேல்புறம் வெளிறி, கை வைத்தால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டும். ஆகவே வெயிலைத் தடுக்க முரட்டுத் துணி, கீறினால் பாலிஷ் என்று கணக்கு சரியாக இருந்தது. கார் வாங்கப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. வந்த காரை மாப்பிள்ளை மாதிரி போர்த்தி வைத்ததில் ஆச்சரியம் இல்லை.

கவர் போடுகிற நம் பழக்கம் முழுவதும் அந்தக் கணக்கில் பிறந்தது.

கீழே இருந்தது மாறிவிட்டது

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1990களில் சென்னையைச் சுற்றி ஃபோர்டும் ஹூண்டாயும் தொழிற்சாலை போட்டன. சான்ட்ரோ 1998-ல் ரோட்டுக்கு வந்தது. கூடவே மெட்டாலிக் நிறங்கள் வந்தன. மெட்டாலிக் பெயிண்டில் பொடிப்பொடியாக அலுமினியத் துகள் இருக்கும். அதைக் காற்றும் அமிலமும் தொடாமல் இருக்க மேலே நிறமே இல்லாத கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு தேவை. அதுதான் கிளியர் கோட். உலகம் முழுக்க 1980களில் பரவலாகி, பிறகு சாதா நிறங்களுக்கும் வந்துவிட்டது.

இன்றைய காரின் பெயிண்டை எல்லா அடுக்கும் சேர்த்து அளந்தால் சுமார் 100 முதல் 130 மைக்ரான். அதாவது நோட்டுப் புத்தகத்துக் காகிதம் ஒன்றின் கனம், அல்லது கொஞ்சம் கூட. அதில் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, பிரைமர், நிறம் எல்லாம் போக, மேலே இருக்கிற கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியைவிட மெல்லியது. பளபளப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. வெயிலைத் தாங்கும் மருந்தும் அதில்தான் கலந்திருக்கிறது. ஒவ்வொரு தடவை மெஷின் பாலிஷ் போடும்போதும் சில மைக்ரான் போகும். மொத்தமாகத் தேய்ந்துவிட்டால் அடியிலிருந்து புதுசு வராது. அந்தப் பாகத்துக்கே பெயிண்ட் அடிக்கவேண்டும்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். கணக்குப் பதிவியலில் சொத்தின் மதிப்பு வருடா வருடம் குறைவதைத் தேய்மானம் என்று எழுதுகிறோம். காரின் விஷயத்தில் அது வெறும் உவமை இல்லை. கார் நிஜமாகவே தேய்கிறது. செகண்ட் ஹேண்டில் விற்கப் போகும்போது வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது மேல் பளபளப்பை. அதற்கு அப்புறம்தான் இஞ்சின்.

ஆடிக் காற்றும் அரைப் பிடி மண்ணும்

துணி மிருதுவாக இருந்தால் கீறாது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கவர் விற்பவரும் தடவிக் காட்டித்தான் விற்கிறார். உண்மையில் கீறுவது துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் மண்.

1812-ல் மோஸ் என்ற ஜெர்மானியர் கனிமங்களின் கடினத்துக்கு 1 முதல் 10 வரை ஓர் அளவுகோல் வைத்தார். எது எதைக் கீறுகிறதோ அது மேலே. வைரம் 10. ஜன்னல் கண்ணாடி ஐந்தரை. மணலில் இருக்கிற குவார்ட்ஸ் 7. கண்ணாடியையே கீறுகிற பொருள், பிசின் பூச்சான கிளியர் கோட்டை விட்டுவைக்குமா? அந்த மண்ணைத் துணிக்கு அடியில் வைத்து மேலும் கீழும் அசைத்தால் அதற்குப் பெயர் உப்புத்தாள்.

அசைப்பது யார்? திருப்பூரைப் பொறுத்தவரை பதில் சுலபம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரைக்கும் அடிக்கிற மேல்காற்று. பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் அத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது இந்தக் காற்றை நம்பித்தான். மழைமறைவுப் பகுதி என்பதால் கோவையில் தூறல் போட்டாலும் இங்கே பல நாள் வெறும் காற்றும் புழுதியும்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊரில், தொளதொள கவர் ராத்திரி முழுக்கப் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? கைப்பிடி, கண்ணாடி, பானெட்டின் விளிம்பு, டிக்கியின் மூலை, எங்கெல்லாம் துணி இழுபடுகிறதோ அங்கெல்லாம் முதலில் மங்கும். முதலில் சொன்ன அந்த மங்கல் திட்டு இதுதான்.

திருப்பூர்த் தெருக்களில் இன்னொன்றும் பறக்கிறது. நிட்டிங் கம்பெனிகளிலிருந்து வருகிற பஞ்சுத் தூசி. பஞ்சு தானாக எதையும் கீறாது. ஆனால் கவரின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு மண்ணையும் கூடவே பிடித்து வைத்துக்கொள்ளும்.

பிளாஸ்டிக்கின் வியர்வை

தார்ப்பாய்க்குப் பிறகு வந்தது ரெக்சின், பிளாஸ்டிக், அப்புறம் வெள்ளிப் பூச்சு பூசிய பாராசூட் துணி. மழை உள்ளே போகாது என்பது இவற்றின் விளம்பரம். உள்ளே இருக்கிற ஈரம் வெளியேயும் போகாது என்பது விளம்பரத்தில் வராது. மண் தரையில் நிற்கிற காருக்கு அடியிலிருந்து ஈரம் ஆவியாகி ஏறும், விடியற்காலைக் குளிரில் கவரின் உள்பக்கம் முத்து முத்தாகப் படியும், வெயில் ஏறியதும் அது வெந்நீர் ஒத்தடம் ஆகும். இது நாள்தோறும் நடந்தால் பெயிண்டில் வெள்ளைத் திட்டுகள் வரும். கல் பட்டு உரிந்த இடத்தில் துரு தொடங்கும். மலிவான வெள்ளிப் பூச்சு ஒன்றிரண்டு வருட வெயிலில் பொடிந்து காரின் மேலேயே ஒட்டிக்கொள்வது தனித் தொல்லை.

நீர் உள்ளே வரக்கூடாது, ஆவி வெளியே போகவேண்டும். இப்படி ஒரு துணி கிடைத்ததும் தற்செயலாகத்தான். 1955-ல் அதே டூபாண்ட் ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு குழாயிலிருந்து வெள்ளையாகப் பஞ்சு மாதிரி வந்துகொண்டிருந்ததை ஒருவர் கவனித்தார். பாலிஎத்திலீன் இழை. 1967 முதல் டைவெக் என்ற பெயரில் வணிகத்துக்கு வந்தது. நெய்யவும் இல்லை, பின்னவும் இல்லை, இழைகளைக் காகிதம் மாதிரி அழுத்தி ஒட்டியது. மேல்நாட்டில் பல அடுக்கு கார் கவர்கள் இந்த வகைத் துணிகளில் வர ஆரம்பித்தன. ஆனால் பெயிண்டைத் தொடுகிற பக்கம் இந்தத் துணி சொரசொரப்பு. அங்கே மிருதுவான ஓர் உள்துணி தேவைப்பட்டது.

வளையம் செய்கிற வேலை

இனி நம் ஊர்ச் சரக்கு. நெசவுத் துணியில் பாவும் ஊடும் விறைப்பாக நிற்கும். பின்னல் துணியில் நூல் வளையம் வளையமாகக் கோத்திருக்கும். 1589-ல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்ற பாதிரியார் காலுறை பின்ன ஒரு சட்டம் செய்தார். அதன் கொள்ளுப்பேரன்தான் காதர்பேட்டையிலும் அனுப்பர்பாளையத்திலும் சுற்றுகிற வட்டப் பின்னல் மெஷின். வளையம் இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். பனியன் உடம்போடு ஒட்டி நிற்பது அதனால். கார் கவர் விஷயத்திலும் இதே குணம்தான் தேவை. ஒட்டி நிற்கிற துணி காற்றில் அடித்துக்கொள்ளாது. அடித்துக்கொள்ளாத துணி தேய்க்காது. கூரைக்குக் கீழே நிற்கிற விலை உயர்ந்த கார்களுக்கு மேல்நாட்டில் போடுகிற கவர்கள் பெரும்பாலும் இப்படி இழுபடும் பின்னல் துணிகள்தான். சுருக்கமாகச் சொன்னால் காருக்கு ஒரு பனியன்.

பனியன் நகரம் கார் பெயிண்டோடு உறவு வைத்து ரொம்ப நாளாகிறது. 1930களிலேயே இங்கே பனியன் கம்பெனிகள் இருந்தன. 1970களின் கடைசியில் இத்தாலியர்கள் டீ-ஷர்ட் தேடி வந்தபிறகு ஏற்றுமதி பெருத்தது. கட்டிங் டேபிளில் கழிகிற துண்டுகள் மூட்டை மூட்டையாகச் சேர்ந்தன. இந்த பனியன் வேஸ்ட் இல்லாத ஒர்க் ஷாப் தமிழ்நாட்டில் கிடையாது. வேஸ்ட் குடோன்களில் பெண்கள் உட்கார்ந்து நிறம் வாரியாகப் பிரிப்பார்கள். கலர் துண்டுகள் பெரும்பாலும் மறுபடி நூலாகப் போகும். வெள்ளைக்கு விலை அதிகம். அதற்கு நியாயமான காரணம் உண்டு. பச்சைப் பருத்தியில் இயற்கையான மெழுகு இருப்பதால் வெளுக்காத கிரே துணி தண்ணீரை உறிஞ்சாது. சாயத் துணி ஈரம் பட்டால் நிறம் விடலாம். வெளுத்த வெள்ளை மட்டும்தான் உறிஞ்சும், நிறமும் விடாது. (அந்த வெண்மைக்காக நொய்யல் ஆறு கொடுத்த விலையும், 2011-ல் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் போட்ட உத்தரவும் தனிக் கட்டுரைக்கான சங்கதி.)

ஆனால் பனியன் வேஸ்ட் எல்லாம் பெயிண்டுக்கு நல்லது என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. தையல் போட்ட ஓரம், ஜிப் துண்டு, பட்டன், எலாஸ்டிக், டீ-ஷர்ட் மேல் ரப்பர் பிரிண்ட், எல்லாம் அதில் கலந்திருக்கும். கிரீஸ் துடைக்க இது போதும். பானெட்டைத் துடைக்கப் போதாது. அதேபோல் பருத்திப் பின்னலில் செய்த கவர் கூரைக்குக் கீழே அருமையானது, வெட்டவெளியில் மழையில் நனைந்தால் ஈரத்துணி மாதிரி நாள்கணக்கில் காரைக் கட்டிக்கொண்டிருக்கும். வெளியே நிற்கிற காருக்கு உள்பக்கம் பாலியஸ்டர் ஃபிளீஸ், வெளிப்பக்கம் ஆவி விடுகிற துணி. ஃபிளீஸ் பின்னுவதும் அதை ரைசிங் மெஷினில் ஓட்டிப் பூமயிர் எழுப்புவதும் திருப்பூருக்குப் புதிய வேலை இல்லை. ஆனாலும் இந்த ஊரில் ரோட்டோரம் வாங்கிப் போடுகிற கவர் பெரும்பாலும் உள்துணியே இல்லாத பாராசூட் துணியாக இருப்பதுதான் வேடிக்கை.

போடுவதும் எடுப்பதும்

எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் கவருக்கு அடியில் மண் இருந்தால் எல்லாம் வீண். புழுதியோடு வந்து நிற்கிற காருக்கு அன்று ராத்திரி கவர் போடாமல் விடுவதே மேல். தண்ணீர் ஊற்றிக் கழுவி, காய்ந்து, இஞ்சின் சூடு ஆறிய பிறகு போடுவதுதான் முறை. வறண்ட புழுதியை மஞ்சள் துணியால் தட்டிவிட்டுப் போடுகிறவர்கள் கீறலைக் கொஞ்சம் முன்கூட்டியே செய்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

தினமும் ஓட்டுகிற காருக்குத் தினமும் கவர் என்பதும் சந்தேகத்துக்குரிய கணக்கு. ஒவ்வொரு தடவை போடுவதும் எடுப்பதும் ஒரு தேய்ப்பு. வாரக்கணக்கில் நிற்கிற காருக்கு வெயில், காக்கை எச்சம், வேப்பம்பிசின் இவற்றிலிருந்து கவர் உண்மையாகவே காப்பாற்றும். காலை ஆபீஸ், மாலை வீடு என்று ஓடுகிற காருக்கு ஒரு தகரக் கொட்டகை நிழல் கிடைத்தால் அதுவே போதும்.

போடுகிறவர்கள் வயிற்றுப் பகுதியில் பட்டை கட்டி இறுக்கவேண்டும். கொக்கி, வளையம் எதுவும் பெயிண்டில் படக்கூடாது. மழை விட்டதும் கவரை எடுத்துக் காயப்போடவேண்டும், காரையும் காற்றாட விடவேண்டும். மாதம் ஒருமுறையாவது கவரையே துவைக்கவேண்டும். இதைச் செய்கிறவர்கள்தான் குறைவு. போர்வையைத் துவைக்கிறோம், காரின் போர்வையை யார் துவைக்கிறார்கள்?

எடுக்கும்போது ஒரு முனையைப் பிடித்து உருவி இழுத்தால் மேல்பக்கத்து மண் முழுக்க பெயிண்ட் மேல் ஊர்ந்து வரும். இரண்டு பக்கத்தையும் தூக்கி மேற்கூரையின் நடுவே மடித்துப் போட்டு, அப்புறம் முன்னாலிருந்து பாய் சுருட்டுவது மாதிரி சுருட்டிக்கொண்டே போய் டிக்கிப் பக்கம் எடுக்கவேண்டும். உள்பக்கம் உள்ளேயே இருக்கும், மண் வெளிப்பக்கத்திலேயே நிற்கும். அடுத்த நாள் டிக்கியிலிருந்து பிரித்துக்கொண்டே வந்தால் அதே பக்கம் அதே இடத்தில் விழும். இரண்டு பேர் இருந்தால் இரண்டு நிமிட வேலை.